கண்கள் பெரிதாக இருப்பது குற்றமா?





இக்கட்டுரையை எழுத வேண்டும் என்று எண்ணி மூன்று வாரங்கள் ஆகின்றன. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவன்று. துணிவில்லை. இன்று எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இருந்தேன். எந்தப் பள்ளி என்பது இங்குத் தேவையில்லை. தந்தை ஒருவர் எழுந்து, ஐந்தாம் ஆண்டில் பயிலும் தம் மகனின் பயிற்சி ஏடு ஒன்றை மேசைமீது போட்டார். "டீச்சர், இந்தக் கண்றாவியைப் பாருங்க. பாடப்புத்தகத்தைத் திறக்கமாட்டான். நாள் முழுக்க ஜப்பான் பொம்மைதான்!" என்றார். ஏடு கைமாறிக் கைமாறிச் சென்றது. கண்கள் முகத்தைவிடப் பெரிதாக இருப்பதாக ஒருவர் சிரித்தார். இப்படித்தான் பிள்ளைகள் கெட்டுப் போகின்றனர் என்றார் இன்னொருவர். பத்தே நிமிடத்தில் ஒரு முடிவும் எடுக்கப்பட்டது: இனிப் புத்தகப்பைச் சோதனையின்போது அனிமே தொடர்பான ஏடு, அட்டை, சாவிக்கொத்து எது கிடைத்தாலும் பறிமுதல்.

அந்த ஏடு என் கைக்கும் வந்தது. இரண்டு பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தேன். ஒரு சொல்லும் பேசவில்லை.

இதில் என்ன வெட்கம் என்கிறீர்களா? சொல்கிறேன். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அனிமே பார்த்து வருபவள். தொலைக்காட்சியில் மலாய் பேசிய டோராமானோடு வளர்ந்து, ஆசிரியர் பயிற்சிக் கழக விடுதியில் தோழியரோடு ஒரே கணினியைச் சுற்றி அமர்ந்து விடிய விடியத் தொடர்கள் பார்த்தவள். நாற்பது வயதைத் தாண்டிய பின்னும் பள்ளி விடுமுறையில் 'விஷுவல் நாவல்' எனப்படும் காட்சிப் புதினங்களைப் படிப்பவள். அன்று வாய் திறக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். திறக்கவில்லை. ஆகவே அன்று சொல்லாததை இன்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் குற்றச்சாட்டு: "பிள்ளைகள் படிப்பதில்லை, படம்தான் பார்க்கின்றனர்"

காட்சிப் புதினம் என்றால் என்னவென்று தெரிந்துதான் இப்படிச் சொல்கிறோமா? திரையில் ஒரு பின்னணிப் படம். அதன்மேல் கதைமாந்தரின் உருவம். கீழே ஒரு கட்டம். அக்கட்டத்தில் எழுத்து! ஒரு வரியைப் படித்து முடித்துச் சொடுக்கினால்தான் அடுத்த வரி வரும். இசையும் குரலும் துணைக்கு உண்டு. ஆனால் கதையைச் சுமப்பது எழுத்துதான். சில இடங்களில் கதை நின்று, "இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்கும். நாம் தெரிவு செய்யும் விடையைப் பொறுத்துக் கதை கிளை பிரியும்; முடிவும் மாறும்.

ஜப்பானில் சுன்சாஃப்ட் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட 'ஒத்தோகிரிசோ' இவ்வகைக்கு வழிகாட்டிய ஆக்கங்களுள் ஒன்று. 1996-இல் லீஃப் என்னும் நிறுவனம் தன் வரிசைக்கு 'விஷுவல் நாவல்' என்றே பெயர் சூட்டியது. 2004-இல் வெளிவந்த 'கிளானட்', அதே ஆண்டில் வந்த 'ஃபேட் ஸ்டே நைட்' ஆகியவற்றை முழுமையாகப் படிக்க 50 மணி நேரத்திற்கும் மேல் ஆகும். ஐம்பது மணி நேர வாசிப்பு! நம்மில் எத்தனை பேர் கடந்த ஓராண்டில் ஐம்பது மணி நேரம் எதையேனும் படித்திருக்கிறோம்? கைப்பேசியில் வரும் புலனச் செய்திகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நிலாம் வாசிப்புப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். நூலின் தலைப்பு, பக்க எண்ணிக்கை, இரண்டு வரிச் சுருக்கம். அவற்றுள் பல, பின்னட்டையைப் பார்த்து எழுதப்பட்டவை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கையொப்பமிட்டு அனுப்புகிறோம். ஆனால் ஒரு மாணவன் நண்பனிடம் முப்பது நிமிடம் மூச்சுவிடாமல் ஒரு கதையைச் சொன்னால், அது வாசிப்பில் சேராதாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். தொடர்படத்தைக் கொடுத்துக் கதை எழுதச் சொல்பவர்கள் நாம்தானே? ஆறு கட்டங்களை வரைந்து தேர்வுத்தாளில் கொடுத்தால் அது கற்பித்தல். அதையே மாணவன் தானாக நாற்பது பக்கம் வரைந்தால் பறிமுதல். இது எந்த ஊர் நியாயம்?

இரண்டாம் குற்றச்சாட்டு: "அத்தனையும் ஆபாசம், வன்முறை"

இதில் உண்மை இருக்கிறது. மறைக்கமாட்டேன். காட்சிப் புதினங்களை வளர்த்த நிறுவனங்கள் பல, தொடக்கத்தில் வயது வந்தோர்க்கான ஆக்கங்களையே விற்றன. 'ஃபேட் ஸ்டே நைட்' 2004-இல் முதன்முதலில் வந்தபோது அதில் பாலியல் காட்சிகள் இருந்தன. அவை நீக்கப்பட்ட பதிப்பு 2007-இல்தான் வந்தது. இது பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

ஆனால் 'கிளானட்'? தொடக்கத்திலிருந்தே எல்லா வயதினர்க்குமாக வெளியிடப்பட்டது. அதன் இரண்டாம் பாதியில் ஓர் இளம் தந்தை, மனைவியை இழந்த துயரத்தில் ஐந்தாண்டுகள் தன் மகளை ஏறெடுத்தும் பாராமல் கழிக்கிறான். பிறகு ஒரு பயணத்தில், தான் வெறுத்து ஒதுக்கிய தன் தந்தை, அதே போன்ற துயரத்தில் தன்னை எப்படி வளர்த்தார் என்பதைப் பாட்டியின் வாயால் கேட்கிறான். அசைபடத் தொடராக அக்காட்சியை நான் பார்த்த காலத்தில் எனக்கும் என் அப்பாவுக்கும் ஏழு மாதங்களாகப் பேச்சில்லை. இரவு பதினொரு மணிக்கு அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஏம்மா, உடம்புக்கு ஏதாவதா?" என்று பதறினார். எதுவும் இல்லை என்றேன். எந்த நன்னெறிப் பாடமும் அந்த அழைப்பை என்னைச் செய்ய வைக்கவில்லை. 2015-இல் அப்புதினம் முறையான ஆங்கிலப் பதிப்பாக வந்தபோது, விலை கொடுத்து வாங்கி முதலிலிருந்து படித்தேன்.

அனிமே என்பது ஓர் ஊடகம். அதற்கென்று வயது கிடையாது. ஒவ்வோர் ஆக்கத்திற்கும் உண்டு. இதற்கு ஒரே ஒரு சான்று போதும். 1988 ஏப்ரல் 16-ஆம் நாள் ஜப்பானியத் திரையரங்குகளில் ஜிப்லி நிறுவனத்தின் இரண்டு படங்கள் ஒன்றாகத் திரையிடப்பட்டன. ஒன்று மியாசாக்கியின் 'என் அண்டைவீட்டுத் தொத்தோரோ'. தாய் மருத்துவமனையில் இருக்க, இரண்டு சிறுமியர் காட்டில் ஒரு பெரிய மென்மையான உயிரைக் கண்டு ஆறுதல் அடையும் கதை. ஐந்து வயதுக் குழந்தையும் பார்க்கலாம். மற்றொன்று தக்காஹாத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை'. போரில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் மெல்ல மடியும் கதை. பெரியவர்களே பார்த்து முடிக்கத் திணறுவர். ஒரே நாள், ஒரே நிறுவனம், இரண்டிலும் சிறுபிள்ளைகள். படத்தின் முகப்பை மட்டும் பார்த்து எதை அனுமதிப்பீர்கள், எதைத் தடுப்பீர்கள்?

முகத்தைப் பார்த்து அனுமதிப்பதும் அதே அளவு தவறுதான். 2017-இல் இலவசமாக வெளிவந்த 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' என்னும் காட்சிப் புதினத்தைத் திறந்தால் கவிதை எழுதும் நான்கு பள்ளி மாணவியர், இளஞ்சிவப்பு வண்ணம், இனிய இசை. உள்ளே மனநோயும் தற்கொலையும் கொடுங்கனவாக விரிகின்றன. அதை உருவாக்கியவர்கள் ஏமாற்றவில்லை. இது சிறுவர்க்கு ஏற்றதன்று என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கையைப் பிள்ளையின் அருகில் அமர்ந்து படிக்க யார் இருந்தார்கள்? தடை விதித்துவிட்டுத் தூங்கப் போன வீட்டில் அதைப் படிக்க எவரும் இருக்கப் போவதில்லை.

மூன்றாம் குற்றச்சாட்டு: "இது பிள்ளைகளைத் தனியர்களாக்கும்"

இவ்வச்சம் புதிதன்று. தீவிர ரசிகர்களைக் குறிக்கும் 'ஒத்தாக்கு' என்ற சொல்லே 1983-இல் நாகமோரி அக்கியோ என்னும் எழுத்தாளர் அவர்களை ஏளனம் செய்து எழுதியதால் பரவியது. 1989-இல் சிறுமியரைக் கொன்ற ஒருவன் பிடிபட்டு, அவன் அறையில் ஒளிநாடாக்கள் குவிந்து கிடந்தது செய்தியானபோது, ஜப்பானிலேயே ரசிகர்கள் அனைவரும் ஐயத்தோடு பார்க்கப்பட்டனர். ஒருவன் செய்த கொடுமைக்கு ஒரு தலைமுறையே தலைகுனிந்தது.

அந்தத் 'தனியர்கள்' செய்ததையும் பாருங்கள். 2019 ஜூலை 18-ஆம் நாள் கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தின் கட்டடத்துக்கு ஒருவன் தீ வைத்தான். 36 பேர் மாண்டனர். 'கிளானட்' தொடரை உருவாக்கிய நிறுவனம் அதுதான். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ளவர்கள் அனுப்பிய நன்கொடை 330 கோடி யென்னைத் தாண்டியது. முகம் தெரியாத ஓவியர்களுக்காக அழத் தெரிந்த கூட்டம் இது.

அதே நிறுவனம் 2016-இல் எடுத்த 'ஒரு மௌனக் குரல்' என்னும் படத்தை ஆசிரியர் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்புக்குக் காது கேளாத ஒரு மாணவி புதிதாக வருகிறாள். ஒரு மாணவன் அவள் செவிப்பொறிகளைப் பிடுங்கி எறிந்து கேலி செய்கிறான். வகுப்பு சிரிக்கிறது, பார்க்கிறது, பேசாமல் இருக்கிறது. விசாரணை வந்ததும் வகுப்பாசிரியர் அவன் ஒருவனையே சுட்டிக்காட்டிக் கத்துகிறார். மற்ற அனைவரும் கைகழுவிக்கொள்கின்றனர். பிறகு அவன் ஒதுக்கப்படுகிறான். வளர்ந்தபின் அவன் பார்வையில் எல்லார் முகங்களின் மேலும் ஒரு பெருக்கல் குறி. கண்ணெடுத்து யாரையும் பார்க்க அவனால் இயலவில்லை. நம் வகுப்புகளிலும் யாருடைய முகத்தையும் பார்க்காத ஒரு பிள்ளை உண்டு. பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரும் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன் அந்த ஆசிரியர் நான்.

நான்காம் குற்றச்சாட்டு: "இது நம் பண்பாடன்று, தமிழ் அழிந்துவிடும்"

இதைக் கேட்டால்தான் எனக்குச் சினம் வருகிறது. ஆசிரியர் தினக் கொண்டாட்டத்தில் எட்டு வயதுச் சிறுமியர் திரைப்படக் குத்துப்பாட்டுக்கு இடுப்பை ஆட்டியபோது முன்வரிசையில் அமர்ந்து கைதட்டினோமே, அப்போது பண்பாடு எங்கே போயிருந்தது? பாட்டு தமிழில் இருந்தால் எதுவும் ஆகலாம். படம் ஜப்பானில் இருந்து வந்தால் எதுவும் ஆகாதா?

மொழிப்பற்று என்றால் என்ன என்பதை நான் இந்த ரசிகர்களிடமும் கற்றேன். 'ஃபேட் ஸ்டே நைட்' 2004-இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் முறையாக வெளிவந்தது 2024-இல். இருபது ஆண்டுகள்! ஆனால் 'மிரர் மூன்' என்ற ரசிகர் குழு 2008-இலேயே அதை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டது. ஊதியம் இல்லை. விருது இல்லை. பொன்னாடை இல்லை. பகலில் வேலையும் படிப்பும், இரவில் அகராதி. மாபெரும் புதினத்தை வரி வரியாகப் பெயர்த்தார்கள். ஒருவர் பெயர்க்க, ஒருவர் திருத்த, ஒருவர் நிரலைச் சரிசெய்ய. இது உரிமையாளரின் ஒப்புதல் பெற்ற வேலையன்று. அந்தக் கேள்வி இருக்கிறது. ஆனால் அந்த உழைப்பு? தாம் நேசித்த கதையை மற்றவரும் படிக்க வேண்டும் என்ற அந்தத் துடிப்பு?

மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கும் நாம், நம் மாணவன் விரும்பிப் படிக்கும் வகையில் எத்தனை கதைகளைத் தமிழில் ஆக்கித் தந்தோம்? அவன் ஆங்கிலத்திலும் மலாயிலும் போய்ப் படிக்கிறான் என்று குறைபட நமக்கு என்ன தகுதி?

ரசிகத் தம்பி தங்கையர்க்கும் ஒரு சொல்

என் முன்னாள் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். 2002-இல் தொடங்கிய கோமிக் ஃபியஸ்டாவில் உங்களுள் ஒருத்தி தன் ஓவியங்களை மேசை போட்டு விற்றதை நேரில் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் உங்களிடமும் எனக்குக் கோபம் உண்டு.

யார் ஒரு குறை சொன்னாலும் "உங்களுக்குப் புரியாது" என்கிறீர்கள். புரியாதவர்க்குப் புரியவைக்க ஒருநாளும் முயலவில்லை. பள்ளி மாணவியரை அரைகுறை ஆடையில் காட்டி விற்பதைக் 'கலை' என்று வாதாடுகிறீர்கள். வெட்கமாக இல்லையா? நான் ஓர் ஆசிரியை. அதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. பிடித்த கதைமாந்தரைப் பற்றி மாற்றுக் கருத்துச் சொன்னவரைக் கூட்டமாகச் சேர்ந்து வசைபாடுகிறீர்கள். பதினோரு வயதுப் பிள்ளையும் முப்பது வயது ஆடவரும் ஒரே டிஸ்கார்ட் குழுவில் நள்ளிரவில் உரையாடுவதைக் கண்டும் காணாமல் இருக்கிறீர்கள். பதின்மூன்று வயதுக்குக் குறைந்தோர்க்கு அங்கு இடமில்லை என்பது அந்த நிறுவனத்தின் விதி. திருட்டுத் தளங்களில் பார்த்துவிட்டு ஓவியர்களின் குறைந்த ஊதியத்துக்காகக் கண்ணீர் வடிக்கிறீர்கள். இரவுச் சந்தையில் திருட்டு வட்டு வாங்கியவள் நான். ஆகவே இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. சம்பளம் வந்த நாள் முதல் காசு கொடுத்துப் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இந்தக் குறைகளை ரசிகர்கள் திருத்தாவிட்டால், தடை கேட்பவர்களுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுக்கிறோம்.

என்ன செய்யலாம்?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பார்ப்பதில் ஒரே ஓர் அத்தியாயத்தை அவனருகில் அமர்ந்து பாருங்கள். இருபத்து நான்கு நிமிடம்தான். யார் இவன், ஏன் அழுகிறான் என்று கேளுங்கள். வயதுக் குறியீட்டைப் பாருங்கள். ஏற்காததை இதனால் ஏற்கவில்லை என்று காரணம் சொல்லித் தடுங்கள். காரணம் சொல்லப்பட்ட தடையைப் பிள்ளை மதிப்பான்.

ஆசிரியர்களே, கிளைக்கதையை வகுப்பில் முயன்று பாருங்கள். கணினிப் படவில்லைகளே போதும். சென்ற ஆண்டு என் வகுப்பில் பன்னிரண்டு வில்லைகளில் ஒரு கதை தொடங்கினேன். வழியில் ஒரு பணப்பை கிடக்கிறது, எடுப்பதா, விடுவதா? ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு குழு கதையைத் தொடர வேண்டும். கட்டுரை என்றாலே வயிற்றுவலி வரும் மாணவர்கள் ஓய்வு வேளையிலும் எழுதினார்கள். உரையாடலை எழுதும்போது மேற்கோள்குறியும் வியப்புக்குறியும் தாமாகவே சரியான இடத்தில் வந்து அமர்ந்தன.

இறுதியாக, அந்த ஏடு.

கூட்டம் முடிந்து நான்கு நாள் கழித்து, கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுமதி பெற்று அலமாரியைத் திறந்து அதை எடுத்தேன். ஆசிரியர் அறையில் அமர்ந்து படித்தேன். ஆம், படித்தேன். ஏனெனில் அதில் எழுத்து இருந்தது. 41 பக்கங்கள். பேச்சுக் குமிழ்கள் அத்தனையும் தமிழில்! லகர ளகர ழகரப் பிழைகள் பக்கத்திற்குப் பத்து. கூட்டத்தில் ஏட்டைக் கையில் வாங்கிய எவரும் அதைப் படிக்கவில்லை. கண்களின் அளவை மட்டும் பார்த்தோம்.

கதை இது. அடுக்குமாடியில் வாழும் ஒரு சிறுவன். அவன் அம்மா சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர். விடியுமுன் கிளம்பி, அவன் உறங்கியபின் வீடு திரும்புவார். ஒரு நாள் மின்தூக்கியில் அவன் ஒரு புதிய பொத்தானைக் காண்கிறான். அழுத்தினால், அந்தக் கட்டடத்தில் இல்லாத ஒரு மாடியில் கதவு திறக்கிறது. அங்கும் அவன் வீடு. அங்கே அம்மா பகல் முழுவதும் வீட்டில் இருக்கிறார். சமைக்கிறார். பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்கிறார். ஒவ்வொரு நாளும் போய் வருகிறான். 41-ஆம் பக்கத்தில் மின்தூக்கி இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறது. கீழே 'தொடரும்' என்று எழுதியிருக்கிறான்.

அம்மா அருகில் இல்லாத பிள்ளைகள் காட்டில் தொத்தோரோவைக் கண்ட கதையை அவன் எங்கோ பார்த்திருக்கக்கூடும். பார்த்து, அதைத் தன் அடுக்குமாடிக்கு, தன் மொழிக்குக் கொண்டு வந்திருக்கிறான். இவன் எழுதத் தெரியாத மாணவன் என்று நாம் மதிப்பெண் கொடுத்திருக்கிறோம்.

அவன் தந்தையிடம் இன்னும் நான் பேசவில்லை. வரும் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஏட்டை அவர் கையில் கொடுத்து, எதிரில் அமர்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லப் போகிறேன். அதன்பிறகும் அவர் பறிமுதல் வேண்டும் என்றால் அப்போது வாதாடுவோம்.

அவன் இப்போது எதுவும் வரைவதில்லை. பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறான். கூட்டம் விரும்பியது இதைத்தான் என்றால், கூட்டம் வென்றுவிட்டது.

அந்த மின்தூக்கி எந்த மாடியில் திறந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு முதலில் அவன் ஏடு அவனுக்குத் திரும்ப வேண்டும்.

கருத்து வேறுபாடு உடையோர் தாராளமாக மறுத்து எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: பார்த்துவிட்டு, படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை